பேசும் இடம் அழிந்தால் பேச்சும் அழிந்ததா?

11 ஜனவரி 2025, மாலை 6.20 (ஒரு வாசகரின் கேள்வி)

என் மாமனாருக்கு மூன்று வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. ஆனால் ஒரு சொல்லைக்கூடக் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. இடப்பக்க நெற்றி மடலில் பேச்சுப் பகுதி சிதைந்திருப்பதாக ஸ்கேன் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூளையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம் உண்டு, இடம் போனால் வேலையும் போயிற்று என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறேன். அப்படியிருக்கப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவதில் பயன் உண்டா? உறவினர்கள் வீண் செலவு என்கிறார்கள்.

11 ஜனவரி 2025, இரவு 9.45

அழைத்துப் போங்கள். நாளைக்கே அழைத்துப் போங்கள். காரணங்களைப் பொறுமையாக எழுதுகிறேன். இதே கேள்வியை மூன்றரை ஆண்டுகளுக்கு முன் நானும் கேட்டேன். “அந்த இடம் செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று ஒருவர் சொன்ன பதிலை நம்பி 40 நாட்களை இழந்தேன்.

என் அம்மாவுக்கு அப்போது 71 வயது. இடப்பக்க மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நடுத் தமனியில் இரத்தக் கட்டி அடைத்திருந்தது. அதன்பின் அவர் வாயில் எஞ்சியது “வந்து” என்ற ஒரே சொல். பேசத் தொடங்குமுன் நாம் இழுத்துக்கொள்ளும் அந்த “வந்து”தான். பசித்தாலும் வந்து, முதுகு வலித்தாலும் வந்து, பேரனைப் பார்த்துச் சிரித்தாலும் வந்து. என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் கண்ணில் முழுமையாக இருந்தது. அது வாய்க்கு வந்து சேரவில்லை.

12 ஜனவரி 2025, காலை 6.50

பள்ளியில் படித்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நானே பதில் சொல்லக் கடமைப்பட்டவன். மேல்நிலை வகுப்புகளுக்கு 22 ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். பெருமூளையைக் கரும்பலகையில் வரைந்து, நான்கு வண்ணச் சாக்பீஸால் நான்கு மடல்களைத் தீட்டி, நெற்றி மடல் திட்டமிடவும் உடலை அசைக்கவும், உச்சி மடல் தொடுகையையும் இடத்தையும் உணர, காதோரப் பொட்டு மடல் கேட்கவும் நினைவில் வைக்கவும், பிடரி மடல் பார்க்க என்று எழுதிப்போட்டிருக்கிறேன். கீழே சிறுமூளை அசைவுகளைச் சீராக்கும், அதன் முன்னால் மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் படம் பொய்யன்று. பிடரி மடல் இரு பக்கமும் சிதைந்தவருக்குக் கண் நன்றாக இருந்தும் பார்வை போய்விடுகிறது. நெற்றி மடலின் பின்விளிம்பில் இடப்பக்கம் அடிபட்டால் வலக்கை விழுகிறது. ஆனால் ஓர் இடம் சிதைந்தால் ஒரு வேலை நிற்கிறது என்பதிலிருந்து, அந்த வேலை முழுவதும் அந்த இடத்தில்தான் நடந்தது என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறோம். நான் காவிரிக் கடைமடைக்காரன். மேலே ஒரு மதகு உடைந்தால் எங்கள் வயல் காய்ந்துபோகும். அதனால் தண்ணீர் அந்த மதகில்தான் ஊறியது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, பல வாய்க்கால் கடந்து வருகிறது. மதகு உடைந்த ஆண்டில் பக்கத்து வாய்க்காலை வெட்டிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிக்கொள்வோம். முழுப் பாய்ச்சல் வராது, பயிர் பிழைக்கும். பேச்சுப் பயிற்சி செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

12 ஜனவரி 2025, இரவு 10.10

இந்தப் “பேச்சுப் பகுதி” என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் கதைக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

பாரிசுக்கு அருகில் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொருவர் 21 ஆண்டுகள் இருந்தார். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே அசை “டான்”. எதைக் கேட்டாலும் “டான், டான்” என்று இரண்டு முறை சொல்வார், அங்கே அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. மிகவும் கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைத்தொடர் முழுதாக வெளிவரும். 1861 ஏப்ரலில் கால் அழுகிய நிலையில் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்து சேர்ந்தார், சில நாட்களில் 51ஆம் வயதில் இறந்துபோனார். மறுநாளே புரோக்கா அவருடைய மூளையைப் பாரிசின் மானிடவியல் கழகத்தில் காட்டினார். இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் குழி விழுந்திருந்தது. அந்தப் பகுதிக்குத்தான் இன்றும் புரோக்கா பகுதி என்று பெயர்.

என்னைக் கலங்கவைத்தது வேறோர் இடம். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டபோது, லெபோர்ன் கையை நான்கு முறை விரித்து மூடிவிட்டு ஒரு விரலை நீட்டினார். நான்கு முறை ஐந்து இருபது, அதற்கு மேல் ஒன்று, இருபத்தொன்று. கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. அதே ஆண்டில் புரோக்கா பார்த்த இரண்டாம் நோயாளி 84 வயது லெலோங். அவரிடம் ஐந்தே சொற்கள் இருந்தன. எந்த எண்ணுக்கும் “மூன்று” என்ற பிரெஞ்சுச் சொல்லின் தேய்ந்த வடிவம்தான் வாயில் வரும். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் “மூன்று” என்று சொல்லிக்கொண்டே நான்கு விரல்களைக் காட்டுவார். வாய் மூன்று என்றது, விரல்கள் உண்மையைச் சொல்லின. உங்கள் மாமனாரிடம் எண் கேட்கும்போது அவர் வாயைப் பார்க்காதீர்கள், இடக்கை விரல்களைப் பாருங்கள்.

12 ஜனவரி 2025, இரவு 10.35

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. புரோக்கா அந்த மூளையை அறுக்கவில்லை, முழுதாகவே பாதுகாத்து வைத்தார். அதனால் 2007இல் நீனா டிரோங்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் லெபோர்ன், லெலோங் இருவரின் மூளைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க முடிந்தது. மேற்பரப்பில் புரோக்கா கண்ட குழியோடு சேதம் நின்றிருக்கவில்லை. உள்ளே மடிந்து மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி வரைக்கும், நெற்றி மடலையும் பின்னாலுள்ள மடல்களையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றை வரைக்கும் ஆழமாகப் பரவியிருந்தது. எந்த மூளையைக் காட்டி “பேச்சு இங்கேதான்” என்று முதலில் குறிக்கப்பட்டதோ, அந்த மூளையிலேயே மதகோடு சேர்த்து வாய்க்காலும் தூர்ந்திருந்தது.

15 ஜனவரி 2025, காலை 11.30

பொங்கல் வேலைகளில் இரண்டு நாள் எழுத முடியவில்லை. அம்மாவைப் பற்றி எழுத வேண்டிய நாளும் இதுதான்.

41ஆம் நாள் நடந்தது இது. என் அக்கா முற்றத்தில் உட்கார்ந்து புது அரிசியைப் படியால் அளந்து தவலையில் கொட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்கள் வீட்டில் முதல் படியை ஒன்று என்று எண்ணும் வழக்கமில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். அக்கா ஏதோ யோசனையில் வாய் திறக்காமல் முதல் படியைக் கொட்டினாள். நாற்காலியிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது: “லாபம்.” அக்கா கை நடுங்க இரண்டாம் படியை அள்ளினாள். “ரெண்டு.” அடுத்தது. “மூணு.” பன்னிரண்டு வரை ஓர் இடத்திலும் அம்மா தடுக்கவில்லை. எண்ணி முடித்ததும் நான் ஓடிப்போய் “அம்மா, எத்தனை படி?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், உதடு குவிந்தது, “வந்து… வந்து…” என்றார். கண்ணில் நீர் திரண்டது.

அன்று மாலையே பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைத் தேடிப்போனேன். அவருக்கு இதில் வியப்பே இல்லை. எண் வரிசை, கிழமைகள், மனப்பாடமான வழிபாட்டு வரிகள், “அடடா”, “ஐயையோ” போன்றவை புழங்கிப் புழங்கிப் படிந்துபோன பேச்சு என்றும், புதிதாகச் சொல்லைத் தேடி வாக்கியம் கட்டுவது வேறு வேலை என்றும், முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதற்குப் போக வேண்டும் என்றும் விளக்கினார். லெபோர்னின் வசைத்தொடர் கோபத்தில் முழுதாக வந்ததும் இதனால்தான்.

அந்த வழியை அம்மா தானே கண்டுபிடித்துக்கொண்டார். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால் மனத்துக்குள் லாபத்தில் தொடங்கி, உதடு அசைய ஏறிவந்து, மூன்றில் நிறுத்தி “மூணு” என்று உரக்கச் சொல்வார். காத்திருக்கத்தான் வேண்டும். நடுவில் நாமே “மூணா?” என்று எடுத்துக்கொடுத்தால் கலைந்துபோய் மறுபடி லாபத்துக்குத் திரும்பிவிடுவார்.

15 ஜனவரி 2025, பிற்பகல் 3.05

ஒருவர் தனியாகக் கேட்டிருப்பதால் இதை எல்லாருக்கும் எழுதுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையில் இருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். விடியற்காலையில் அம்மாவின் வாய் கோணியபோது பக்கத்தில் இருந்த ஒரு சிறு மருத்துவமனைக்குத்தான் முதலில் போனோம். பித்த மயக்கம் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி மூன்று மணி நேரம் படுக்க வைத்துவிட்டார்கள். ஸ்கேன் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஊசிக்கு உரிய நேரம் கடந்திருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

18 ஜனவரி 2025, இரவு 8.20

“அப்பாவுக்குப் பேச வரவில்லை, ஆனால் பக்திப் பாடல் வருகிறது. வலப்பக்க மூளை பாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம் என்று நேற்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

பாடலைக்கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சி முறை 1973இல் பாஸ்டனில் உருவானது. “தண்ணி வேணும்” போன்ற சிறு தொடரை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லவைத்து, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்டவைப்பார்கள். அடிபடாத வலப்பக்கத்தை வேலைக்கு இழுக்கலாம் என்பது அதன் எண்ணம். அம்மாவும் செய்தார், பலன் இருந்தது. ஆனால் 2011இல் லைப்சிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இராகத்தையும் தாளத்தையும் மனப்பாடத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, இராகத்தைவிடத் தாளமும், பலகாலம் புழங்கிய சொற்களாக இருப்பதும்தான் அதிகம் உதவின. என் வீட்டிலேயே அதற்குச் சான்று இருந்தும் நேற்று எனக்குத் தோன்றவில்லை. “லாபம், ரெண்டு, மூணு” என்பதில் இராகம் ஏது? படி சாயும் ஒழுங்கான தாளமும், அறுபது ஆண்டுப் பழக்கமும்தான் இருந்தன.

19 ஜனவரி 2025, காலை 7.00

இதையொட்டி இன்னொன்று. “இடது மூளை தர்க்கம், வலது மூளை கலை” என்று சொல்லிக் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்களே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரு பாதிகளுக்கும் வேலைப் பங்கீடு உண்டு என்பது உண்மை. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவில் மொழி பெரிதும் இடப்பக்கம் சார்ந்தது, இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் 70 பேர் அளவில் அப்படித்தான். இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நம் குழந்தைகளுக்கு அந்தப் பாலம் வெட்டப்படவில்லை. ஓயாமல் இரு பக்கமும் செய்தி போய்வந்துகொண்டிருக்கும் தலையில், ஒரு பாதியை மட்டும் தனியே தட்டி எழுப்ப வழியில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு மிருதங்க வகுப்பிலோ சதுரங்க வகுப்பிலோ சேர்த்துவிடலாம்.

23 ஜனவரி 2025, இரவு 9.30

“எங்கள் அத்தை சரளமாகப் பேசுகிறார், ஆனால் ஒன்றும் பொருள்படவில்லை; நாம் சொல்வதும் அவருக்கு ஏறவில்லை. இதுவும் அதே நோயா?” என்று கேட்டவருக்கு: இது வேறு வகை. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, அப்போது அவருக்கு 26 வயது, இத்தகைய நோயாளிகளை விவரித்தார். சேதம் நெற்றிப் பக்கம் இருக்காது, இடக்காதுக்கு மேலே பொட்டு மடலின் பின்பகுதியில் இருக்கும். பேச்சின் ஓட்டம் அப்படியே இருக்கும், சொற்கள் மட்டும் இடம் மாறியும் உருவம் மாறியும் வரும். தாம் தவறாகப் பேசுவது பல நேரம் அவர்களுக்கே தெரிவதில்லை. தயவுசெய்து அதை மனநோய் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பயிற்சியாளரிடம் வந்த ஓர் அம்மாளைப் பேய் பிடித்ததென்று சொல்லி இரண்டு மாதம் கோயில் கோயிலாக அலைக்கழித்திருந்தார்கள்.

வெர்னிக்கே வெறும் இடங்களோடு நின்றுவிடவில்லை. கேட்கும் இடத்தையும் பேசும் இடத்தையும் இணைக்கும் பாதை அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். புரிந்துகொள்வார், பேசுவார், ஆனால் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லத் தடுமாறுவார். வாய்க்காலைப் பற்றி 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார்.

2 பிப்ரவரி 2025, காலை 6.15

இன்று வாசலில் பார்த்ததை எழுத வேண்டும். அம்மா இப்போது இடக்கையால் கோலம் போடுகிறார். வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இன்னும் பொடியைப் பிடிக்கவில்லை. இடக்கையில் பொடி சில இடங்களில் கொட்டிக் கனத்துவிடுகிறது, இழை நடுங்குகிறது. ஆனால் ஏழு புள்ளி ஏழு வரிசை, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சிக்குக்கோலத்தின் இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிந்தது. “இதுக்குப் பேர் என்னம்மா?” என்றேன். பெயர் வரவில்லை.

பெயர் வேறு, செய்முறை வேறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பெரிய சான்று ஹென்றி மொலேசன் என்ற நோயாளி. வலிப்புக்காக 1953இல் அவருடைய இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதியை, நினைவு பதிய உதவும் ஹிப்போகேம்பசின் பெரும்பகுதியோடு, அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் ஓரமாகக் கோடு வரையச் சொன்னார். மூன்று நாட்களில் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் இதைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கையின் கல்வி வேறு கட்டமைப்புகளில், சிறுமூளையும் பெருமூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களும் சேர்ந்த வலையில், படிகிறது. சிறுமூளை எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள் இருக்கின்றன. வகுப்பில் நான் அதற்கு ஒரே வரி ஒதுக்கி வந்திருக்கிறேன். இந்த ஆண்டு அரை மணி நேரம் பேசினேன்.

2 பிப்ரவரி 2025, இரவு 9.00

மூளையில் மொத்தம் எத்தனை பகுதிகள் என்று ஒரு மாணவி கேட்டாள், அதையும் சேர்க்கிறேன். 1909இல் ஜெர்மானிய நரம்பியலாளர் பிராட்மன் நரம்பணுக்களின் அடுக்கைப் பார்த்துப் பகுதிகளுக்கு 52 வரை எண்ணிட்டார், புரோக்கா பகுதி அதில் 44, 45. 2016இல் வேறு அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து பெருமூளையின் ஒரு பாதிக்கு 180 பகுதிகள் என்றார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கு ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடத்தை 5,132 வெட்டுப் படங்களோடு வெளியிட்டிருக்கிறது. அதை வகுப்பில் திரையிட்டபோது வண்ணச் சாக்பீஸை ஓரமாக வைத்துவிட்டேன்.

9 பிப்ரவரி 2025, மாலை 5.40

முதல் பதிவில் 40 நாட்களை இழந்தேன் என்று எழுதியதைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணியிருந்தேன். அடிபட்ட இடத்தோடு தொடர்புள்ள, அடிபடாத தொலைவுப் பகுதிகளும் அதிர்ச்சியில் சில காலம் ஓய்ந்துவிடும், பிறகு மெல்ல எழும் என்பதை மோனக்கோவ் என்ற நரம்பியலாளர் 1914இலேயே எழுதியிருக்கிறார். முதல் வாரங்களில் வரும் முன்னேற்றத்தில் ஒரு பங்கு இந்த விழிப்பு. 41ஆம் நாளின் லாபம் அதுவாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் எழுந்துவந்ததைப் பயிற்சியால் பற்றிக்கொள்ளாமல் விட்டால் வீணாகும். முதல் மாதங்கள் முக்கியமானவை, அதற்குப் பிறகும் கதவு சாத்தப்படுவதில்லை. அம்மா “அடுப்ப அணைச்சிடு” என்று முதன்முதலில் ஒரு முழுத்தொடரைச் சொன்னது பதினான்காம் மாதத்தில்.

16 பிப்ரவரி 2025, இரவு 8.50

உங்கள் மாமனார் 31 ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர் என்பதை இன்றுதான் எழுதியிருக்கிறீர்கள். முன்பே தெரிந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அவர் நாள்தோறும் உரக்கச் சொன்ன சொற்கள் எவை? “ரைட்”, “ஹோல்டான்”, “உள்ள போங்க”, “சில்லறையா குடுங்க”, பிறகு நிறுத்தங்களின் வரிசை. அவர் இடக்கையில் பழைய விசிலைக் கொடுங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, அவர் ஓடிய தடத்தின் முதல் ஊரை மட்டும் சொல்லுங்கள். பயிற்சியாளரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் அதை வைத்துப் பாடம் அமைப்பார்கள்.

22 பிப்ரவரி 2025, இரவு 10.05

உங்கள் செய்தியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். விசிலை ஊதிவிட்டு, “கும்பகோணம், வலங்கைமான்” என்று உங்கள் மாமனார் சொன்னாரா! அம்மா இடக்கையால் தொடையில் தட்டிச் சிரித்தார்.

நீடாமங்கலத்தோடு நின்றுவிடுகிறார், மன்னார்குடி வரவில்லை, அங்கிருந்து தொடரச் சொன்னால் கோபப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து தொடரச் சொல்லாதீர்கள். நடுவழியில் அவருக்குப் பிடி இல்லை, அம்மாவுக்கு லாபம் எப்படியோ அவருக்குக் கும்பகோணம் அப்படி. மறுபடி விசிலைக் கொடுத்துக் கும்பகோணத்திலிருந்தே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். நீடாமங்கலத்தில் நின்றால் நீங்களும் பேசாமல் நின்றுகொண்டிருங்கள்.